மொத்தம் நார்மல், மிச்சம்?

காலை ஆறரை மணிக்கு மதுரையில் டீக்கடைக்கு அடுத்தபடி கூட்டம் கூடுகிற இடம் ரத்தப் பரிசோதனை லேப்தான். அண்ணா நகர், கே.கே. நகர், தல்லாகுளம், சிம்மக்கல் என்று எந்தப் பக்கம் போனாலும், வெறும் வயிற்றோடு பத்துப் பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். சாயங்காலம் ரிப்போர்ட் கைக்கு வரும். கண் முதலில் போவது மேல் வரிக்கு. 'டோட்டல் கொலஸ்ட்ரால் 188' என்று இருந்துவிட்டால் முகம் தெளிந்துவிடும். "இருநூறுக்குள்ளதாண்ணே இருக்கு, நார்மல்தான்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை. அப்புறம் பேப்பர் நாலாக மடிந்து சட்டைப் பைக்குள் போகும்.

கீழே இன்னும் நாலைந்து வரி இருக்கிறது. விஷயமே அங்கேதான்.

விளக்கத்துக்காக ஒரு ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்வோம். மொத்தக் கொலஸ்ட்ரால் 188. டிரைகிளிசரைடு 240. ஹெச்.டி.எல். 32. எல்.டி.எல். 108. எல்லாம் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. இதில் எல்.டி.எல். பெரும்பாலான லேப்களில் நேரடியாக அளக்கப்படுவதில்லை. கணக்குப் போட்டு எடுப்பதுதான். டிரைகிளிசரைடை ஐந்தால் வகுத்தால் 48. அதையும் ஹெச்.டி.எல். 32-ஐயும் மொத்தத்திலிருந்து கழித்தால் 108. டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டிவிட்டால் இந்தக் கணக்கு செல்லாது.

இனி, ரிப்போர்ட்டில் பல சமயம் அச்சாகாத ஓர் எண். மொத்தத்திலிருந்து ஹெச்.டி.எல்.லை மட்டும் கழித்துப் பாருங்கள்: 156. இதற்கு நான்-ஹெச்.டி.எல். என்று பெயர். ரத்தக்குழாய்ச் சுவரில் போய்ப் படியக்கூடிய எல்லா வகைத் துகள்களும் சுமந்து திரியும் கொலஸ்ட்ரால் இதற்குள் அடக்கம். இந்திய இதயவியல் கழகம் 2024 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ஆபத்து குறைந்த ஆளுக்கே இது 130-க்குள் இருக்க வேண்டும், எல்.டி.எல். 100-க்குள். டிரைகிளிசரைடு 150-ஐத் தாண்டக் கூடாது. ஹெச்.டி.எல். ஆணுக்கு 40-க்கு மேல், பெண்ணுக்கு 50-க்கு மேல். ஆக, நம் உதாரணக்காரர் மேல் வரியில் பாஸ், கீழே இருக்கும் அத்தனை வரியிலும் ஃபெயில். அவருடைய மொத்தம் இருநூறுக்குள் அடங்கியதற்கு ஒரு காரணமே, அதில் சேர வேண்டிய நல்ல சரக்கான ஹெச்.டி.எல். போதுமான அளவு இல்லாததுதான்.

இவர் அபூர்வப் பிறவி அல்ல. தமிழ்நாடு, மகாராஷ்டிரா, ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய நான்கு இடங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் நடத்திய 'இந்தியாப்' ஆய்வின் கொழுப்புக் கணக்கு 2014-ல் வெளியானது. மொத்தக் கொலஸ்ட்ரால் கூடியவர்கள் 13.9 சதவீதம் பேர்தான். எல்.டி.எல். கூடியவர்கள் 11.8 சதவீதம். டிரைகிளிசரைடு கூடியவர்கள் 29.5 சதவீதம். ஹெச்.டி.எல். குறைந்தவர்களோ 72.3 சதவீதம்! ஏதாவது ஒரு வரியிலாவது தவறியவர்கள் 79 சதவீதம். மேல் வரியை மட்டும் பார்க்கிறவருக்கு நூற்றில் பதினான்கு பேர் நோயாளிகள். முழுதும் படிக்கிறவருக்கு எழுபத்தொன்பது பேர். ஒன்பது வருஷம் கழித்து, நாடு முழுவதும் ஒரு லட்சத்துப் பதின்மூன்றாயிரம் பேரை வைத்து அதே ஆய்வு முடிந்தபோது வந்த எண் 81.2 சதவீதம். ஆக, இது ஒரு வட்டாரத்தின் விசித்திரம் அல்ல.

சுவருக்குள் நடப்பது

கொலஸ்ட்ரால் விஷம் இல்லை. செல்லின் உறைக்கு அது வேண்டும், பித்தநீருக்கு வேண்டும், ஆண்மைக்கும் பெண்மைக்குமான ஹார்மோன்களுக்கு வேண்டும். நாம் சாப்பிடாவிட்டாலும் உடம்பு, முக்கியமாகக் கல்லீரல், தனக்கு வேண்டியதில் பெரும்பகுதியைத் தானே தயாரித்துக்கொள்கிறது. கொழுப்பு ரத்தத்தில் கரையாது என்பதால் புரதம் போர்த்திய சிறு துகள்களாக அதை அனுப்புகிறது. எல்.டி.எல். அப்படி ஒரு துகள். தேவைக்கு மேல் எண்ணிக்கை கூடும்போது, தமனியின் உள்சுவருக்குள் நுழைந்து அங்கேயே தங்கிவிடுகிறது. அதை விழுங்க வரும் வெள்ளணுக்கள் விழுங்கி வீங்கிச் செத்து, அந்த இடமே ஒரு கொழகொழத்த படிவாகிறது.

குழாயில் அடைப்பு என்று எல்லோரும் சொல்கிறோம்; கேட்பவருக்குக் குழாயின் உள்வாயில் அழுக்கு ஒட்டிக்கொண்டிருப்பதாகத் தோன்றும். படிவு சுவருக்குள் இருக்கிறது. பாதிக்குப் பாதி குழாய் திறந்திருக்கும்போதே அதன் மேல்தோல் ஒரு நாள் கிழியலாம். கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து, நிமிஷங்களில் குழாயை மூடிவிடும். "போன வாரம்தான் ஈ.சி.ஜி. எடுத்தோம், நல்லாருக்குன்னாங்களே" என்று இழவு வீட்டில் கேட்கும் பேச்சுக்கு விடை இதுதான். ஈ.சி.ஜி. இதயத்தின் மின்சாரத்தைக் காட்டும்; சுவருக்குள் கிடக்கும் படிவைக் காட்டாது.

மதுரையைச் சுற்றி எத்தனை கண்மாய்! எந்தக் கண்மாயும் ஒரே வெள்ளத்தில் தூர்ந்து போனதில்லை. வருஷா வருஷம் தண்ணீரோடு வரும் கொஞ்சம் வண்டல், முப்பது வருஷத்தில் மடை மட்டத்துக்கு வந்து நிற்கும். எல்.டி.எல். செய்வதும் அதே வேலைதான். எவ்வளவு இருக்கிறது என்பதோடு எத்தனை வருஷமாக இருக்கிறது என்பதையும் பெருக்கிப் பார்க்க வேண்டும். முப்பது வயதில் 140 இருந்து, ஐம்பத்தைந்து வரைக்கும் அப்படியே விட்டவருக்கு, ஐம்பத்தைந்தில் திடீரென 180 ஆனவரைவிட அதிகம் படிந்திருக்கலாம்.

நம்மவர்களுக்கு இந்தக் கணக்கு சீக்கிரமே முடிந்துவிடுகிறது. 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த நடுவயது 53. மற்ற நாட்டவருக்கு 58.8. ஐந்தாறு வருஷம் முன்னதாகவே வந்துவிடுகிறது. மகள் கல்யாணத்துக்குக் கடன் வாங்கும் வயது அது. ஓய்வூதியம் வாங்கும் வயது அல்ல.

2021 ஏப்ரல் 17-ல் நடிகர் விவேக் இறந்தபோது தமிழ்நாடு முழுக்கப் பேசியது தடுப்பூசியைப் பற்றி. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்தவர், வயது 59. இரண்டு நாள் முன்பு கொரோனா தடுப்பூசி போட்டிருந்தார். இதயத்தின் இடது முன் தமனியில் நூறு சதவீத அடைப்பு என்று மருத்துவமனை சொன்னது. தடுப்பூசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று பிற்பாடு மத்திய அரசின் குழுவும் சொன்னது. அவர் ரத்தத்தில் எந்த எண் எவ்வளவு இருந்தது என்பது அவர் குடும்பத்தின் விஷயம், நமக்கு வேண்டாம். பொதுவாக ஒன்று சொல்லலாம். ரத்தக்கட்டி ஒரு மணி நேரத்தில் உருவாகும்; அது உட்கார இடம் கொடுக்கும் படிவு இரண்டு நாளில் உருவாகாது. அன்றைக்கு டீக்கடை பெஞ்சுகளில் எழுந்திருக்க வேண்டிய கேள்வி அதுதான். எழவில்லை.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

"கொலஸ்ட்ரால் இருக்குன்னுட்டாங்க, அதான் கறியை விட்டுட்டேன்" என்பது இங்கே எல்லோரும் சொல்லும் வாக்கியம். மஞ்சள் கருவை எடுத்து ஓரமாக வைப்பார்கள். சரி, அதற்குப் பதிலாக என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், "ரெண்டு பரோட்டா, குருமா மட்டும்தான்."

ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு பரோட்டாக் கடைக் கல்லுக்கு எதிரே நின்று பாருங்கள். பிசைந்து உருட்டிய மைதா உருண்டைகள் எண்ணெயில் மினுமினுத்துக்கொண்டு தட்டில் கிடக்கும். ஓர் உருண்டையை எடுத்துத் தட்டி, வீசி, துணி போல விரித்து, மேலே மறுபடி எண்ணெய் தடவி, மடித்துச் சுருட்டி வைப்பார் மாஸ்டர். கல்லில் போட்டதும் சுற்றி ஒரு கரண்டி. திருப்பிப் போட்டு இன்னொரு கரண்டி. நாலு பரோட்டாவை அடுக்கி இரண்டு கையாலும் பக்கவாட்டில் அடித்து நொறுக்கும்போது அவர் உள்ளங்கை பளபளக்கும். பன் பரோட்டாவுக்கு இதைவிடத் தாராளம். விருதுநகர்ப் பக்கம் போனால் கல்லுக்குப் பதில் எண்ணெயிலேயே போட்டுப் பொரித்துவிடுவார்கள். ருசியைப் பற்றி எனக்கு எந்தப் புகாரும் இல்லை. இலையில் விழுவது என்ன என்பதுதான் கேள்வி: நார் நீக்கிய மைதா, அதில் ஊறிய எண்ணெய் அல்லது டால்டா.

மைதாவில் கொலஸ்ட்ரால் துளியும் இல்லை. ஆனால் உடனுக்குடன் எரிக்க முடியாத அளவுக்கு மாவுச்சத்து வந்து இறங்கினால், கல்லீரல் அதை டிரைகிளிசரைடாக மாற்றி ரத்தத்துக்குள் அனுப்புகிறது. டிரைகிளிசரைடு ஏறினால் ஹெச்.டி.எல். துகள்கள் சீக்கிரம் கழிந்துபோகின்றன. மேலே பார்த்த 240-ம் 32-ம் ஒரே கதையின் இரண்டு முனைகள். இதில் மைதாவை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் சரியில்லை. காலையில் ஆறு இட்லி, மதியம் மலை போலச் சோறு, நாலு மணிக்குச் சர்க்கரை தூக்கலாக டீயும் பஜ்ஜியும், ராத்திரி தோசை என்று நாள் முழுக்கவே மாவுதான். இந்தியர்கள் சாப்பாட்டிலிருந்து பெறும் சக்தியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று 'இந்தியாப்' ஆய்வின் உணவுக் கணக்கு 2025-ல் சொன்னது. கேழ்வரகுக்கும் கம்புக்கும் மாறிவிட்டோம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நார் கூடுதல், நல்லதுதான். ஆனால் களி உருண்டையின் அளவு பழைய சோற்று அளவாகவே இருந்தால் லாபம் குறைவு.

கறிக்கு முழு விடுதலை கொடுத்துவிட முடியாது. ஆட்டின் தசையைவிட அதோடு ஒட்டிய வெள்ளைக் கொழுப்பில்தான் நிறைகொழுப்பு அதிகம். ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லைப் பிடித்து உள்ளே இழுக்கும் கல்லீரலின் கொக்கிகளை அது குறைத்துவிடும். சாப்பாட்டில் உள்ள கொலஸ்ட்ரால் அந்த அளவுக்குக் கெடுதல் செய்வதில்லை. அமெரிக்காவின் உணவு வழிகாட்டுதலே, நாளுக்கு 300 மில்லிகிராம் என்று வைத்திருந்த வரம்பை 2015-ல் எடுத்துவிட்டது. ஒரு முட்டையில் இருப்பது ஏறக்குறைய 190 மில்லிகிராம். பெரும்பாலோருக்கு நாளுக்கு ஒன்று பெரிய விஷயமில்லை. ஆட்டு மூளை வேறு சமாச்சாரம். நூறு கிராமில் ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல். மூளை ரோஸ்ட் இல்லாமல் இலை நிறையாது என்பவர்கள் அதை மாதத்துக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொள்ளலாம்.

திருமங்கலம் பக்கம் வடக்கம்பட்டியில் தை, மாசியில் முனியாண்டி சாமிக்குக் கிடா வெட்டி, ஊருக்கே பிரியாணி போடுவார்கள். ஊர் ஊராக முனியாண்டி விலாஸ் நடத்துகிறவர்கள் திரும்பி வந்து கூடும் விழா. அந்த ஒரு நாள் பிரியாணியால் யாருடைய தமனியும் அடைக்காது. வருஷத்தின் மற்ற நாட்களின் ராத்திரிச் சாப்பாட்டைப் பற்றித்தான் பேச்சு. ஜிகர்தண்டாவும் அப்படித்தான்: சுண்டிய பால், சர்பத், ஐஸ்கிரீம் மூன்றும் சேர்ந்தது. சித்திரைத் திருவிழாவுக்குக் குடிக்கலாம், சித்திரை முழுக்க வேண்டாம்.

எண்ணெய்ப் பஞ்சாயத்து

கடையில் விற்கும் எண்ணெய் பாக்கெட்டில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குகிறவர்கள் இன்னமும் உண்டு. செடியிலிருந்தும் மரத்திலிருந்தும் வரும் எந்த எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கணக்கில் வராது. கடலையைப் பார்த்து "கொழுப்பு" என்று பயந்து ஒதுக்குவதும் இதே குழப்பம்தான். ஒரு கைப்பிடி அவித்த கடலை, பஜ்ஜிக்கு எவ்வளவோ மேல்.

பார்க்க வேண்டியது நிறைகொழுப்பின் பங்கு. தேங்காய் எண்ணெயில் அது ஏறக்குறைய 90 சதவீதம். பாமாயிலில் நாற்பதுக்கு மேல். கடலை எண்ணெயில் இருபதுக்குள், நல்லெண்ணெயில் பதினைந்தை ஒட்டி. சமீப காலமாக மதுரையில் தெருவுக்கு ஒரு மரச்செக்கு. வாசனைக்கும் ருசிக்கும் செக்கு எண்ணெய் வாங்குங்கள், நானும் வாங்குகிறேன். ஆனால் செக்கில் ஆட்டியதால் தேங்காய் எண்ணெயின் நிறைகொழுப்பு ஒரு சதவீதம்கூடக் குறையாது. "பாட்டி காலத்துல தேங்காயெண்ணெய்தான்" என்பவர்கள், பாட்டி நெல் குத்தினார், தண்ணீர் சுமந்தார், விசேஷத்துக்குத்தான் வடை சுட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதில் அரசுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் 2007-லிருந்து ரேஷன் கடையில் பாமாயில் கிடைக்கிறது. இப்போது லிட்டர் 25 ரூபாய். இந்த விலைக்கு வெளியே எந்த எண்ணெயும் கிடைக்காது. ஏழை வீட்டு அடுப்புக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை மறுப்பதற்கில்லை. டால்டாவைவிட அது மேல் என்பதும் உண்மை. பாமாயிலுக்குப் பதில் உள்ளூர் எண்ணெய் கொடு என்று விவசாயிகள் வெகுநாளாகக் கேட்டு வருகிறார்கள். அவர்களில் ஒரு சாரார் தேங்காய் எண்ணெய் கேட்கிறார்கள், இன்னொரு சாரார் கடலை எண்ணெய். விவசாயி பிழைக்க வேண்டும் என்பதில் இரு தரப்பும் ஒன்று. இதயத்தின் பக்கம் நின்று பார்த்தால் என் ஓட்டு கடலைக்கு.

டால்டா விஷயத்தில் சட்டம் நன்றாகவே வேலை செய்திருக்கிறது. எல்.டி.எல்.லை ஏற்றி ஹெச்.டி.எல்.லை இறக்கும் டிரான்ஸ் கொழுப்பு, எண்ணெய் கொழுப்புகளில் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது 2022 ஜனவரி முதல் நடைமுறை. சுட்ட எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சுவதற்கும் 2018 ஜூலையிலிருந்து வரம்பு இருக்கிறது; எண்ணெயின் கெட்டுப்போன பகுதி 25 சதவீதத்தைத் தாண்டினால் கொட்டிவிட வேண்டும். சாயங்கால வடைச் சட்டியில் எண்ணெய் கறுத்து, நுரை கட்டி, புகை கண்ணை எரித்தால் அளவுகோல் எதுவும் வேண்டாம். அடுத்த கடைக்குப் போய்விடலாம்.

தாய்மாமன் வீட்டுச் சொத்து

சாப்பாட்டைக் கச்சிதமாக வைத்துக்கொண்டும், ஒல்லியாக இருந்தும் எல்.டி.எல். 200-க்குக் கீழே இறங்காத ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது பிறவியிலேயே வந்தது. கல்லீரலின் அந்தக் கொக்கியை உருவாக்கும் மரபணுவில் கோளாறு. டெக்சாஸில் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் என்ற இருவர் இந்தப் பரம்பரை நோயைத் துருவித்தான் கொக்கியையே கண்டுபிடித்தார்கள். 1985-ல் நோபல் பரிசு. தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ ஒரு பழுதான பிரதி மட்டும் பெற்றவர்கள் சுமாராக 250 முதல் 300 பேருக்கு ஒருவர். இரண்டு பக்கமும் பழுதாகப் பெற்ற குழந்தைக்குப் பத்துப் பதினைந்து வயதிலேயே மாரடைப்பு வரலாம். சாதாரணமாக அது லட்சங்களில் ஒருவருக்கு வரும் துரதிர்ஷ்டம்.

நம் பக்கம் அதைச் சாதாரணம் என்று விட்டுவிட முடியாது. மாமன் மகள், அத்தை மகன், தாய்மாமன் என்று முறை பார்த்துக் கட்டுவது தென்மாவட்டங்களில் உரிமை, சீர், கௌரவம் எல்லாமாகவும் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுத் திருமணங்களில் 28 சதவீதம் சொந்தத்துக்குள் நடந்தவை. ஒரே பாட்டியின் பழுதான பிரதி இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து ஒரு குழந்தையில் சேர்வதற்கு வாய்ப்பு இங்கே கூடுதல். கல்யாணத்தையே நிறுத்து என்று சொல்ல எனக்குத் தைரியமும் இல்லை, தேவையும் இல்லை. ஆனால் வீட்டில் ஐம்பது வயதுக்குள் நெஞ்சுவலியில் போனவர்கள் இருந்தால், முறை பேசும் முன் இரண்டு பக்கத்திலும் ஒரு ரத்தப் பரிசோதனை பார்த்துவிடலாம். ஜாதகத்தைவிடச் செலவு குறைவு.

கண்ணில் படும் அடையாளங்களும் உண்டு. குதிகாலுக்கு மேலே தசைநாண் தடித்து முண்டாக இருப்பது. முழங்கை, விரல் முட்டிகளில் வலியில்லாத கட்டிகள். இளவயதிலேயே கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையம். இமையின் மூக்கோர மூலையில் மஞ்சள் திட்டு. கடைசியாகச் சொன்னது எல்லோருக்கும் கொலஸ்ட்ராலால் வருவதில்லை. ஆனாலும் அதைப் பார்த்ததும் அழகு நிலையத்துக்குப் போகும் முன் லேபுக்குப் போவது நல்லது.

இதுவும் பரம்பரையாக வருவதுதான்: லிப்போபுரோட்டீன்-ஏ என்ற இன்னொரு துகள். தெற்காசியர்களிடம் இது கூடுதல். சாப்பாட்டாலும் நடையாலும் அசையாது. பிறந்ததிலிருந்து ஏறக்குறைய அதே அளவு. ஆயுளில் ஒரு தடவையாவது இதைப் பார்த்துவிடுங்கள், 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் மற்ற எல்லா எண்களையும் இறுக்கிப் பிடியுங்கள் என்கிறது 2024 வழிகாட்டுதல்.

மாத்திரை என்றாலே பயம்

ஜப்பானியரான அகிரா எண்டோ ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பூஞ்சைகளைச் சோதித்து, கியோட்டோவின் தானியக்கடை ஒன்றின் அரிசியில் பூத்த பூஞ்சையிலிருந்து முதல் ஸ்டாடினை 1973-ல் பிரித்தெடுத்தார். கல்லீரல் கொலஸ்ட்ராலைத் தயாரிக்கும் வேலையை அது மட்டுப்படுத்தும். தயாரிப்பு குறைந்ததும் கல்லீரல் கொக்கிகளைக் கூட்டி ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை இழுத்துக்கொள்ளும். கடைகளுக்கு முதல் ஸ்டாடின் 1987-ல் வந்தது. இதயநோய் உள்ள 4,444 பேரை வைத்து ஸ்காண்டிநேவிய நாடுகளில் நடந்த ஆய்வு 1994-ல் வெளியானபோது, மாத்திரை சாப்பிட்டவர்களிடம் மரணம் 30 சதவீதம் குறைந்திருந்தது. எண்டோ 2024 ஜூனில் காலமானார். நோபல் கிடைக்கவில்லை.

இத்தனைக்கும் பிறகு நம்மூரில் இந்த மாத்திரைக்குக் கிடைத்திருக்கும் பெயர், "ஆரம்பிச்சா விட முடியாது." விட முடியாமல் இல்லை, விட்டால் சில வாரங்களில் எண் பழைய இடத்துக்கே ஏறிவிடும், அவ்வளவுதான். நார்மல் ஆகிவிட்டது என்று நிறுத்துபவர்கள், நார்மல் ஆனதே அந்த மாத்திரையால்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள். எல்.டி.எல். ஏறக்குறைய 39 மில்லிகிராம் குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன என்பது லட்சத்துக்கு மேற்பட்டோரின் தரவைச் சேர்த்துப் பார்த்த கணக்கு.

தசை வலி வரும் என்ற பயம் பொய்யல்ல, சிலருக்கு வரும். ஆனால் 2020-ல் வெளியான ஓர் ஆய்வு வேடிக்கையானது. பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாடினை நிறுத்தியிருந்த 60 பேருக்குச் சில மாதம் ஸ்டாடின், சில மாதம் வெறும் சத்தில்லாத மாத்திரை, சில மாதம் எதுவுமே இல்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். எது எப்போது என்று மாத்திரை விழுங்கியவருக்குத் தெரியாது. ஸ்டாடின் மாதங்களில் சொன்ன தொந்தரவில் 90 சதவீதத்தை வெற்று மாத்திரை மாதங்களிலும் சொன்னார்கள்! வலி நிஜம், காரணம் பெரும்பாலும் பயம். சர்க்கரையைக் கொஞ்சம் ஏற்றலாம் என்பதும் உண்மைதான், கிடைக்கும் நன்மை அதைவிடப் பெரிது. கர்ப்பிணிகள், கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. ஸ்டாடின் உண்மையாகவே ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு எஸெட்டிமைப் போன்ற வேறு மருந்துகள் இருக்கின்றன.

பூண்டு, வெந்தயம், மருதம்பட்டைக் கஷாயம், ஆளிவிதை என்று வாட்ஸ்அப்பில் வருபவற்றில் வெந்தயமும் ஆளிவிதையும் நார்ச்சத்துக்காகக் கொஞ்சம் உதவும். பூண்டு குழம்பாக இருக்கும்போது அருமை. ஸ்டாடினுக்குப் பதிலாக இவற்றை வைத்துக்கொள்வது மட்டும் வேண்டாம். எண் ஏறியிருக்கும் பெண்கள், முக்கியமாக உடம்பு போட்டு அசதியாக இருப்பவர்கள், தைராய்டையும் பார்த்துவிட வேண்டும். அது மந்தமானால் எல்.டி.எல். ஏறும், தைராய்டைச் சரி செய்தால் தானாக இறங்கும்.

நடைக்கு இந்த ஊரில் குறைச்சல் இல்லை. விடிகாலையில் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றியும் ரேஸ்கோர்ஸ் பக்கமும் கூட்டம் கூட்டமாக நடக்கிறார்கள். நடை டிரைகிளிசரைடை நன்றாக இறக்கும், ஹெச்.டி.எல்.லைக் கொஞ்சம் ஏற்றும், எல்.டி.எல்.லைப் பெரிதாக அசைக்காது. நடந்து முடித்த கையோடு இரண்டு மெதுவடை சாப்பிடுகிறவர்களுக்கு எதுவும் அசையாது. பீடி, சிகரெட் ஹெச்.டி.எல்.லைக் குறைக்கும், டாஸ்மாக் சரக்கு டிரைகிளிசரைடை ஏற்றும்.

ஒரே அலமாரி

2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இன்று மேலூர், உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கத்துக் கிராமத்துத் திண்ணை வரைக்கும் வந்துவிட்டது. தன்னார்வலரான பெண் ஒருவர் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்க்கிறார், விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிறார், இரண்டு மாத மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். இந்தத் திட்டத்தின் அச்சாணி அந்த இரண்டு நோய்தான். மத்திய அரசின் தொற்றாநோய்த் திட்டத்திலும் வீடு வீடாகத் தேடப்படுபவை பிரஷர், சர்க்கரை, மூன்று வகைப் புற்றுநோய். கொலஸ்ட்ரால் பட்டியலில் இல்லை. அதற்குச் சோர்வு கிடையாது, தலைசுற்றல் கிடையாது, ஒரு சொட்டு ரத்தத்தில் சல்லிசாகப் பார்க்கும் வசதியும் பரவலாக வரவில்லை. அதனால் அது தானாக வெளியே தெரியும் வரை காத்திருக்கிறோம்.

தெரியும் நாளுக்கு ஒரு திட்டம் இருக்கிறது. 2023 ஜூனில் வந்த 'இதயம் காப்போம்'. நெஞ்சுவலி என்று வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் உடனடியாக 14 மாத்திரைகள் கொடுத்து, பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். ஆஸ்பிரின் இரண்டு, குளோபிடோக்ரெல் நான்கு, மிச்சம் எட்டும் அடோர்வாஸ்டாடின். 108 வண்டி கிராமத்திலிருந்து ராஜாஜி மருத்துவமனை வந்து சேரும் அந்த ஒரு மணி நேரத்தில் இது உயிர் காக்கிறது. நல்ல திட்டம், சந்தேகமில்லை. என் ஆதங்கம் வேறு. அந்த எட்டு மாத்திரையும் ஸ்டாடின். மாரடைப்பு வந்த அன்றைக்கு மொத்தமாக விழுங்கக் கொடுக்கும் அதே மருந்தில் தினம் ஒன்றோ இரண்டோ, பத்து வருஷம் முன்பே, அதே சுகாதார நிலையத்தின் அலமாரியிலிருந்து அவருக்கு வந்திருக்கலாம். வந்திருந்தால் அவரைப் போன்றவர்களில் ஒரு பகுதியினர் அந்த வண்டியில் ஏறியே இருக்க மாட்டார்கள்.

யாருக்கு வர வேண்டும் என்பதில் மர்மம் எதுவும் இல்லை. நாற்பது தாண்டிய சர்க்கரை நோயாளிக்கு, எல்.டி.எல். எவ்வளவாக இருந்தாலும் ஸ்டாடின் கொடுப்பதே உலக சுகாதார நிறுவனம் உள்பட எல்லோரும் சொல்லும் முறை. சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினை வீட்டில் வாங்கிக்கொள்ளும் ஆயிரக்கணக்கானவர்கள் இந்த வகைதான். ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்தவருக்கும் பைபாஸ் ஆனவருக்கும் எல்.டி.எல். 55-க்குள் இருக்க வேண்டும். ஆபத்து கூடுதலாக உள்ளவருக்கு 70-க்குள். லேப் பேப்பரின் ஓரத்தில் அச்சாகியிருக்கும் 'நார்மல்' அளவு இவர்களுக்குப் பொருந்தாது.

பதினெட்டு வயதில் ஒரு முறை எல்லோரும் பார்க்கலாம். அப்பா, அண்ணனுக்கு 55 வயதுக்குள்ளோ, அம்மா, அக்காவுக்கு 65-க்குள்ளோ மாரடைப்பு வந்திருந்தால் அதற்கும் முன்பே. முதல் பரிசோதனைக்கு வெறும் வயிறு கட்டாயமில்லை. டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் மட்டும் மறுபடி பட்டினியோடு வரச் சொல்வார்கள். மாத்திரை தொடங்கியவர்கள் நாலு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் திரும்பப் பார்க்க வேண்டும். அரசு மருத்துவமனையில் டாக்டர் எழுதிக் கொடுத்தால் காசு செலவில்லை. அடுத்த முறை மாத்திரையோடு அந்தத் தன்னார்வலர் வாசலுக்கு வரும்போது, "எங்கம்மாவுக்கு சுகர் இருக்கே, கொலஸ்ட்ராலுக்கும் மாத்திரை வேணுமான்னு டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்றியாத்தா?" என்று ஒரு வார்த்தை போட்டு வையுங்கள்.